லென்ஸ் வாங்கப் போகிறீர்களா?

கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் போதும். தெருவில் நாலு பேராவது நிறுத்தி விசாரிக்காமல் விடமாட்டார்கள். அதுவும் அது பிலிம் போடுகிற காமிராவாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "இன்னும் இதற்குப் பிலிம் கிடைக்கிறதா?" என்பது முதல் கேள்வி. கிடைக்கிறது, ஐயா, கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் கசக்கிறது! அடுத்தபடியாக, லென்ஸைச் சுட்டிக் காட்டி, "இது எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்று கேட்பார்கள்.

என்னமோ லென்ஸ் என்றால் கிணற்று ராட்டினம் என்றும், தூரத்தில் இருப்பதையெல்லாம் கயிறு கட்டி இழுத்து வருவதே அதன் உத்தியோகம் என்றும் அவர்களுக்கு எண்ணம்.

கைப்பேசியில் தினம் நூறு படம் எடுக்கிற இந்தக் காலத்தில், பழைய பிலிம் காமிராக்களின் மேல் இளைஞர்களுக்கு மறுபடியும் மோகம் பிறந்திருக்கிறது. தாத்தாவின் பெட்டியிலிருந்தோ, பழைய சாமான் கடையிலிருந்தோ ஒரு காமிரா கைக்கு வருகிறது. லென்ஸைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம் என்று தெரிந்த நிமிஷமே ஆசை கிளம்பிவிடுகிறது. ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக் குவிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், "படம் ஒன்றும் சரியாக வரவில்லை, சார்! லென்ஸ் மோசம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

நேயர்களே! உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், பணப்பையைத் திறப்பதற்கு முன் இதை ஒரு தரம் வாசித்துவிடுங்கள். நான் சொல்லப் போவதன் சாரம் இவ்வளவுதான்: லென்ஸைப் பீரோவில் பூட்டி வைக்கும் நகையாக நினைக்காதீர்கள். அதை அடுப்படிப் பாத்திரம் போலத் தினம் புழங்குங்கள்.

எண்களைக் கண்டு பயம் வேண்டாம்

லென்ஸின் முகத்தில் வளையமாக என்னென்னவோ பொறித்திருக்கும். அவற்றில் நமக்கு முக்கியமானவை இரண்டே எண்கள். ஒன்று மில்லிமீட்டர் கணக்கு. இதைக் குவியத் தூரம் என்கிறார்கள்.

நாம் சாதாரணமாகப் போடும் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24 மில்லிமீட்டர் உயரம், 36 மில்லிமீட்டர் அகலம். மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 43 மில்லிமீட்டர். குவியத் தூரம் ஏறக்குறைய இந்த அளவில் இருக்கும் லென்ஸ், காட்சியை மிகையாக விரிக்காமலும் சுருக்காமலும் காட்டும். அதனால்தான் இந்தக் காமிராக்களோடு வழக்கமாக 50 மில்லிமீட்டர் லென்ஸைச் சேர்த்து விற்றார்கள். மூலைக்கு மூலை அது சுமார் 47 டிகிரி அகலத்தைப் பார்க்கும். 28 மில்லிமீட்டர் சுமார் 75 டிகிரியை வளைத்துப் போடும். 135 மில்லிமீட்டருக்கு 18 டிகிரிதான் கண்ணில் படும்.

இதை ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் எதிர் வாடையில் நிற்கிறீர்கள். 28-ஐப் போட்டால் திண்ணை, தூண், ஓட்டுக் கூரை, பக்கத்து வீட்டு வாசற்கோலம், தெருவில் படுத்திருக்கும் நாய் எல்லாம் வரும். 50-ஐப் போட்டால் திண்ணையும் அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் வருவார்கள். 135-ஐப் போட்டால் பாட்டி மட்டும்! அவள் காதுத் தோட்டின் கல்லைக்கூட எண்ணிவிடலாம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. "28-ல் எடுத்தால் மூக்குப் பெரிதாக விழுகிறது" என்று பலரும் புகார் செய்கிறார்கள். பாவம், அது லென்ஸின் குற்றமே இல்லை. முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் பாட்டியின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுகொள்கிறீர்கள். நம் கண்ணுக்குமே அவ்வளவு கிட்டத்தில் மூக்குப் பெரிதாகத்தான் தெரியும். எட்ட நின்றால் மூக்கும் காதும் தத்தம் அளவுக்குத் திரும்பிவிடும். எட்ட நின்றபடியே முகத்தைச் சட்டம் நிறைய எடுக்க வசதி செய்கிறது 85 முதல் 135 வரையுள்ள லென்ஸ். முகம் எடுப்பதற்கு அது பேர் பெற்ற காரணம் அதுதான்.

கோயில் கோபுரத்தின் சங்கதியும் இப்படித்தான். சந்நிதித் தெருவில் கோபுரத்தடியில் நின்று 28-ஐ அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழப்போவது போல் இருக்கும். காமிராவை அண்ணாந்து பிடித்ததன் பலன் அது. தெருக்கோடி வரைக்கும் பின்னால் நடந்து போங்கள். காமிராவைக் கூடிய வரையில் மட்டமாகப் பிடித்து, 135-ல் பாருங்கள். கோபுரம் நிமிர்ந்து நிற்கும். அது மட்டுமா? நடுவில் பூக்கடை போட்டிருக்கும் அம்மாளின் தலைக்கு மேலேயே கோபுரம் எழுந்து நிற்பது போல் நெருக்கமாகத் தெரியும். ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுப்பதென்றால், எங்கே நிற்பது என்பதைத் தேர்ந்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் மூன்றும் வேண்டும் போல் இருக்கிறதே!" என்கிறீர்களா? பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் உலகம் சுற்றிப் படம் எடுத்தவர். 1948 ஜனவரி 30-ஆம் தேதி காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷி சித்தியடைந்த சமயத்தில், நம் திருவண்ணாமலையிலும் இருந்தவர். அப்பேர்ப்பட்டவர் தம் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டுதான் செய்தார். ஆகையால், காமிராவோடு வந்த 50-ஐ வைத்துக்கொண்டு முதலில் பத்து ரோல் எடுங்கள். இடம் போதவில்லை என்று அடிக்கடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறீர்களா? உங்களுக்கு 28-ஓ 35-ஓ தேவை. கிட்டப் போக முடியாமல் தவிக்கிறீர்களா? 85-ஓ 135-ஓ தேவை. இரண்டும் இல்லையா? ஒன்றும் வாங்காதீர்கள்!

ஜன்னல் எவ்வளவு பெரிது?

இரண்டாவது எண், லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் திறக்கும் என்பதைச் சொல்வது. எஃப் 1.4, எஃப் 2, எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று படிப்படியாகப் போகும். எண் ஏற ஏற ஜன்னல் சிறிதாகும். குவியத் தூரத்தை ஜன்னலின் குறுக்களவால் வகுத்தால் இந்த எண் வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 2-ல் 25 மில்லிமீட்டர் திறந்திருக்கும்; எஃப் 16-ல் மூன்று மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகிறது.

எஃப் 1.4 லென்ஸ், எஃப் 2 லென்ஸைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கும் என்பது வாஸ்தவம். விலையும் ஏறக்குறைய அந்தத் தினுசில்தான் ஏறும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது எத்தனை நாள் உபயோகப்படும்? 100 வேகமுள்ள பிலிமைப் போட்டுப் பட்டப்பகலில் வெளியே வந்தால், விநாடியில் 125-ல் ஒரு பங்கும் எஃப் 16-ம் தான் கணக்கு. கல்யாண மண்டபத்திலும் கருக்கல் நேரத்திலும் படம் எடுப்பவர்களுக்குப் பெரிய ஜன்னல் பிரயோஜனம். மற்றவர்கள் எஃப் 2-லேயே சந்தோஷமாகக் காலம் தள்ளலாம். சாதாரணமாக எந்த லென்ஸும் நடுப் படிகளான 5.6, 8 ஆகியவற்றில்தான் மிகத் தெளிவாக எழுதும்.

லென்ஸின் மேல் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக எண்கள் போட்டிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். 35 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 11-ஐ வைத்துக்கொண்டு, படுத்துக்கொண்டிருக்கும் எட்டைப் போன்ற முடிவிலிக் குறியை அந்த 11-க்கு எதிரே கொண்டு வந்து நிறுத்துங்கள். சுமார் ஆறு அடியிலிருந்து அடிவானம் வரைக்கும் எல்லாம் போதிய தெளிவோடு விழும். அப்புறம் குவியம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதே இல்லை. தேர் வருகிறது, தூக்கினீர்கள், அமுக்கினீர்கள், முடிந்தது!

பொருத்தம் பார்த்தீர்களா?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். லென்ஸுக்கு இரண்டு பொருத்தம் பார்த்தால் போதும். முதலாவது, வாய் பொருந்த வேண்டும். இரண்டாவது, லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் பொருந்த வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

லைகா காமிரா 1925-ல் ஜெர்மனியின் லீப்ஸிக் சந்தையில் வெளிவந்தபோது லென்ஸைக் கழற்ற முடியாது. 1930-ல் கழற்றி மாட்டும் லைகா வந்தது. ஆனால் அந்தத் தூரம் காமிராவுக்குக் காமிரா சற்றே மாறியதால், ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் காமிராவோடு தொழிற்சாலையிலேயே ஒத்துப்பார்த்து அனுப்ப வேண்டியிருந்தது. இவன் லென்ஸ் அவன் காமிராவுக்கு ஆகாது! 1931-ல்தான் தூரத்தை எல்லாவற்றுக்கும் ஒன்றாக நிர்ணயம் செய்தார்கள். அதன் பிறகே உண்மையில் லென்ஸ் மாற்றும் காலம் பிறந்தது என்று சொல்லலாம்.

அந்தத் திருகு வாய்க்கு மற்றவர்களும் லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். 1950-ல் டோக்கியோவில் இருந்த அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானிய நிக்கார் லென்ஸ்களைத் தம் லைகாவில் மாட்டிப் பார்த்து அசந்து போனார். கொரியா யுத்தத்துக்கு அவற்றையே எடுத்துப் போனார். ஜப்பான் லென்ஸ் என்றால் இளக்காரமாகப் பார்த்த மேல்நாட்டார் அந்தப் படங்களைக் கண்ட பிறகே திரும்பிப் பார்த்தார்கள். பெயரைப் பார்த்து மயங்கவும் கூடாது, பெயரைப் பார்த்து ஒதுக்கவும் கூடாது என்பதற்கு இது ஒரு திருஷ்டாந்தம்.

இன்று பழைய சாமான் கடையில் மிகுதியாகக் கண்ணில் படுவது 42 மில்லிமீட்டர் திருகு வாய். 1949-ல் வந்த ஜெர்மன் கான்டாக்ஸ் எஸ் காமிராவில் தொடங்கி, பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ், ரஷ்ய ஜெனிட் என்று பலரும் அதை வைத்துக்கொண்டார்கள். அதில் பிலிம் வரை உள்ள தூரம் 45.46 மில்லிமீட்டர். பென்டாக்ஸ் 1975-ல் திருகை விட்டுப் புதிய வாய்க்கு மாறியபோதும் இந்தத் தூரத்தை மாற்றவில்லை. ஆகவே சரியான வளையத்தைப் போட்டால் பழைய திருகு லென்ஸ் புதிய பென்டாக்ஸில் அழகாக வேலை செய்யும். நிக்கானில் அந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர். அங்கே அதே லென்ஸை வெறும் வளையத்தோடு மாட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் தள்ளி நிற்கும். கிட்டத்துப் பூ தெளிவாக விழும். தூரத்து மலை ஒருநாளும் விழாது.

நிக்கான்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1959-லிருந்து நிக்கானின் வாய் ஒன்றேதான் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் 1977-ல் வெளிச்சமானியை லென்ஸோடு இணைக்கும் முறையை மாற்றினார்கள். மாற்றி அமைக்காத அதற்கு முந்திய லென்ஸைப் பின்னால் வந்த பல நிக்கான் காமிராக்களில் பலவந்தமாகத் திருகினால், வாயைச் சுற்றியுள்ள சிறு நெம்பு முறிந்துவிடக்கூடும். எந்த லென்ஸானாலும் சரி, மாட்டும்போது முரண்டு பிடித்தால் நிறுத்திவிடுங்கள். பலத்துக்கு அங்கே வேலையில்லை.

கடையில் ஐந்து நிமிஷம்

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறு டார்ச் விளக்கை எடுத்துப் போங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்தக் கடையே வேண்டாம்.

லென்ஸின் ஜன்னலை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசித் துணுக்கு இருந்தால் பாதகமில்லை. அவை படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூசணம். கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல் இருந்தால் எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. ஓரத்தில் வானவில் வர்ணம் தெரிந்தால், ஒட்டிய இரு கண்ணாடிகள் பிரிகின்றன என்று அர்த்தம். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறலைவிடப் பின் கண்ணாடியில் உள்ள கீறல் கெடுதல் அதிகம்.

1960-களிலும் 70-களிலும் வந்த சில லென்ஸ்கள் தேநீர்த் தண்ணீர் போல மஞ்சளாக இருக்கும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே தோரியம், அதைக் கண்ணாடியில் சேர்த்துச் செய்த லென்ஸ்கள் அவை. சில வாரம் வெயிலில் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளியும். ஆனால் ஜாக்கிரதை! லென்ஸ் சூரியனைக் குவித்து ஜன்னல் திரையைக் கொளுத்திவிடும். அடியில் எரியாத தட்டை வைத்து, பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தபடி, பின்புறத்தில் இருக்கும் சிறு நெம்பையோ குச்சியையோ தட்டிப் பாருங்கள். உள்ளே உள்ள இதழ்கள் "டக்"கென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. திருகு வாய் லென்ஸ்களில் தானியங்கி, கைமுறை என்று ஒரு சிறு மாற்றி இருக்கும். அது கைமுறையில் இருந்தால் குச்சியைத் தட்டினாலும் இதழ் அசையாது. அதைப் பார்க்காமல் நல்ல லென்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குவிய வளையம் வெண்ணெயில் கத்தி போவது போல் வழுவழுவென்று, ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

நல்ல நாளுக்காகக் காத்திருந்த லென்ஸ்

பூசணம் என்றேனே, அதைப் பற்றிச் சொல்லும்போது நாகப்பட்டினத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெரியப்பாவுக்குப் பாங்கியில் உத்தியோகம். சிங்கப்பூரிலிருந்து வந்த சிநேகிதர் ஒருவரிடம் மாதத் தவணையில் ஒரு காமிராவும் மூன்று லென்ஸ்களும் வாங்கியிருந்தார். 2019-ல் அவர் காலமான பின், ஒருநாள் பெரியம்மா அந்தத் தகரப் பெட்டியை என் முன் கொண்டு வந்து வைத்தார்.

"கண்ணு மாதிரி வெச்சிருந்தாரு, தம்பி. நீதான் இதெல்லாம் தெரிஞ்சவன். பாரு."

50 மில்லிமீட்டர் லென்ஸ் காமிராவிலேயே இருந்தது. வளையத்தில் எண்களின் வர்ணம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். எங்கள் வீட்டுக் குழந்தைகளின் காதுகுத்து, பொங்கல், பள்ளிக்கூட நாடகம் எல்லாம் அதன் வழியாகத்தான் படமாயின. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கண்ணாடி ஸ்படிகம் போல் இருந்தது.

மற்ற இரண்டும் தோல் உறைக்குள் பஞ்சு சுற்றி, ரச கற்பூர உருண்டை போட்டு, பட்டுத் துணியில் முடிந்து வைத்திருந்தன. வெளியிலே ஒரு கீறல் இல்லை. 28-ன் உள்ளே ஓர் ஓரமாகப் பூசணம் முளைத்திருந்தது. 135-ல் நடு மையத்திலிருந்து விளிம்பு வரைக்கும் வேர் ஓடியிருந்தது.

"இதை எடுத்து ஒரு படமும் பிடிக்கவில்லையா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"அக்கா கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தாரு. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணைப் பெத்தவருக்குப் பந்தியைப் பார்க்கவே நேரம் சரியாப் போச்சு. அப்புறம் காசிக்குப் போறப்ப எடுக்கலாம்னாரு. காசிக்கு எங்கே போனோம்? நல்லதுக்கு எடுக்கலாம், நல்லதுக்கு எடுக்கலாம்னு வெச்சிருந்தாரு. நல்லது வந்தப்பல்லாம் அவருக்கு வேலை இருந்துச்சு."

சென்னையில் ஒரு பழுது பார்ப்பவரிடம் 135-ஐக் கொடுத்தேன். கழற்றிப் பூசணத்தைத் துடைத்துக் கொடுத்தார். ஆனால் அது கக்கிய அமிலம் கண்ணாடியின் மேல் பூச்சை அரித்திருந்தது. அந்தத் தடத்தை அழிக்க முடியாது. "எதிர் வெளிச்சத்தில் மட்டும் எடுக்காதீர்கள். மற்றபடி ஓடும்" என்றார்.

திரும்பவும் நாகப்பட்டினம் போனபோது பெரியம்மாவே கேட்டார்: "அவர்தான் அதுல ஒண்ணும் எடுக்கல. நீயாவது என்னை ஒண்ணு எடேன்."

கருத்த காகிதத்தைச் சுருட்டி லென்ஸுக்கு ஒரு குடை செய்தேன். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, பக்கவாட்டில் மட்டும் வெளிச்சம் விழும்படி பார்த்துக்கொண்டு, எஃப் 5.6-ல் எடுத்தேன். படம் வந்தது. கூர்மை மயிரிழை குறைவுதான். முகத்தின் மேல் மெல்லிய மஸ்லின் துணி போட்டது போல் ஒரு மென்மை. பெரியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"சுருக்கமெல்லாம் தெரியவே இல்லியே! நல்ல கண்ணாடியாத்தான் வாங்கியிருக்காரு" என்றார்.

தேய்ந்து நசுங்கியது பிழைத்தது. பொத்திப் பொத்தி வைத்தது கெட்டது. காரணம் எளிது. பூசணத்தின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அது முளைக்க ஈரம், இருட்டு, அசையாத காற்று மூன்றும் வேண்டும். கடற்கரை ஊரில் தோல் உறையும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரச கற்பூரமோ ஆவியாகிக் கண்ணாடியிலேயே படியக்கூடியது. லென்ஸைத் தோல் உறையிலிருந்து எடுத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலமாக இருக்கும் வகை, ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். வறுத்து எடுத்தால் பழையபடி நீலமாகும். டப்பாவுக்குள் ஈரப்பதம் காட்டும் சிறு மானியை வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொண்டால் விசேஷம். எல்லாவற்றையும்விட மேலான மருந்து, வாரம் ஒரு தரம் எடுத்துப் புழங்குவது.

குற்றவாளி யார்?

படம் சரியாக வரவில்லை என்றால் உடனே லென்ஸின் மேல் பழி போடாதீர்கள். விசாரணை நடத்துங்கள்.

படம் முழுவதும் ஒரே திசையில் இழுத்தாற்போல் இருக்கிறதா? கை ஆடியிருக்கிறது. 50 மில்லிமீட்டருக்கு விநாடியில் 60-ல் ஒரு பங்கும், 135-க்கு 250-ல் ஒரு பங்கும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும்.

பாட்டி மங்கலாகவும் பின்னால் உள்ள தூண் தெளிவாகவும் இருக்கிறதா? குவியம் தவறியிருக்கிறது. ஒரு தடவை என்றால் அவசரத்தால் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே பக்கமாகத் தவறினால் வேறொரு லென்ஸைப் போட்டுப் பாருங்கள். எல்லா லென்ஸிலும் அப்படியே இருந்தால் காமிராவின் கண்ணாடியோ திரையோ இடம் பெயர்ந்திருக்கிறது. ஒரே லென்ஸில் மட்டும் என்றால் அந்த லென்ஸைச் சந்தேகிக்கலாம்.

இதற்குப் பிலிம் செலவில்லாத ஒரு பரீட்சை உண்டு. பிலிம் இல்லாத காமிராவின் முதுகைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ட்ரேசிங் காகிதத் துண்டைச் சமமாக ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் ஷட்டர் திரையில் மட்டும் விரல் படக்கூடாது. ஜன்னலை முழுக்கத் திறந்து, ஷட்டரை 'பி'யில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காமிராவைத் தூரத்துக் கோபுரத்தின் பக்கம் திருப்புங்கள். காகிதத்தில் கோபுரம் தலைகீழாகத் தெரியும். குவிய வளையம் முடிவிலிக் குறியில் நிற்கும்போது அது கூர்மையாக இருந்தால் லென்ஸ் நிரபராதி!

பெரிய ஜன்னலில் எடுத்த படம் எல்லாம் நன்றாக இருந்து, எஃப் 11, 16-ல் எடுத்த நெகடிவ் மட்டும் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கிறதா? இதழ்கள் எண்ணெயில் சிக்கி, ஷட்டர் திறப்பதற்குள் மூட முடியாமல் தவிக்கின்றன. பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

மூலைகள் நாலும் கறுத்திருக்கின்றனவா? 135-ன் குடையை 28-க்கு மாட்டியிருப்பீர்கள். படம் வெளிறி, வெளிச்சங்கள் ஒளிவட்டம் போட்டுத் தெரிகின்றனவா? டார்ச்சை எடுங்கள், உள்ளே மூட்டம் இருக்கலாம். அல்லது வெயில் நேரே கண்ணாடியில் அடித்திருக்கலாம். நீளவாக்கில் ஒரே நேராகக் கோடு கிழித்திருந்தால் அதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. பிலிம் போகும் வழியில் மண் துகள் இருக்கிறது.

துடைக்கும் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேஷ்டித் தலைப்பாலும் புடைவை முந்தானையாலும் லென்ஸைத் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. மண் துகளோடு சேர்த்துத் தேய்த்தால் அது அரத்தால் ராவுகிற மாதிரி. முதலில் ரப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தூசியைப் போக்குங்கள். அப்படியும் கறை இருந்தால் லென்ஸ் காகிதத்தில் ஒரு சொட்டு திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேரே கண்ணாடியில் விட்டால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். ஐம்பது காசு நோட்டுப் புத்தகம் இப்போது கிடைக்காது. எந்த விலைக்காவது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ரோலில் ஒவ்வொரு படத்துக்கும் என்ன லென்ஸ், என்ன எண், எவ்வளவு தூரம் என்று எழுதி வாருங்கள். படம் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ரோலில் உங்கள் லென்ஸ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று மனப்பாடமாகிவிடும். அதன் பிறகு கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் என்ன வைத்திருந்தாலும் உங்கள் கை தானாகப் பணப்பைக்குப் போகாது.

யாராவது தெருவில் நிறுத்தி, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்று கேட்டால், "நான் எவ்வளவு தூரம் நடக்கிறேனோ அவ்வளவு தூரம்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.